மின்கோவின் மணிவார்

— குதிக்காதய்யா. அசையாம நில்லு. கையைத் தூக்கு, இந்த வாரை முதல்ல அவுக்கணும்.

— ஏன், ராங்கெல்? சரியாகத்தான் கட்டியிருக்கிறேன். ஆட்டுத்தோல் இருக்கிறது, கொம்பு வைத்த முகமூடி இருக்கிறது, இடுப்பு நிறைய மணி இருக்கிறது. நான் ஹாலந்துக்காரன் என்று இன்று எந்தப் பேய்க்கும் தெரியாது. உங்கள் குக்கேர் முகமூடியாட்டக் கூட்டத்தோடு நானும் வீடு வீடாகப் போய் அவற்றை விரட்டப்போகிறேன்.

— விரட்டு. வேண்டாம்னு யாரு சொன்னா? வேற மணியைக் கட்டிக்கிட்டு விரட்டு. என் பையனோடது வீட்டுல சும்மா தொங்குது, தரேன். இதை எங்கே புடிச்சே?

— என் வீட்டுப் பரணில். போன வருடம் நீங்கள் எனக்கு விற்ற இதே வீட்டின் பரணில். கூரை ஒழுகியது. புகைபோக்கிக்குப் பின்னால் ஒரு பலகையைப் பெயர்த்தேன். சாக்கில் சுற்றி வைத்திருந்தது.

— அந்தப் பலகையில எவன் கை வைக்கப்போறான்னு இருந்துட்டேன்.

— என்ன சொன்னீர்கள்?

— ஒண்ணுமில்ல. ரொம்ப நேரமா குலுக்கினியா இதை?

— காலையிலிருந்து முற்றத்தில் ஆடிப் பழகுகிறேன். என்ன அருமையான ஓசை. ஊரில் வேறு எந்த மணிக்கும் இப்படி ஓர் அடிக்குரல் இல்லை.

— அதான்யா வினையே. இங்கே ஒவ்வொரு வீட்டு மணிக்கும் ஒரு குரல் உண்டு. கண்ணை மூடிக்கிட்டே இன்னாரு வீட்டுப் பையன் வர்றான்னு சொல்லிடுவாங்க. இந்தக் குரல் ஊர்ல கேட்டு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. மூச்சை இழு. என்ன முடிச்சு போட்டு வெச்சிருக்கே, கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு.

— யாருடைய மணி இது?

— மின்கோவோடது. பக்கத்து வீட்டு நெதா அத்தையோட மகன்.

— ஆற்றில் இறந்தாரே, அவரா? நீங்கள்தான் ஒயின் குடிக்கும்போது சொன்னீர்கள். அடுத்த ஊரில் ஆடிவிட்டு உறைந்த ஆற்றின் மேல் திரும்பி வந்தீர்கள், பனி உடைந்தது, மணியின் பாரம் அவரைக் கீழே இழுத்துவிட்டது என்று.

— ஆமா.

— உடல்கூடக் கிடைக்கவில்லை என்றீர்கள். அப்படியானால் இந்த மணி ஆற்றின் அடியில் அல்லவா இருக்க வேண்டும்?

— வாயை மூடிக்கிட்டு வயித்தை உள்ள இழு.

— ஏன் இப்படி அவசரப்படுகிறீர்கள், ராங்கெல்?

— குளிருது.

— நல்ல வெயில் அடிக்கிறது.

— குளிருதுன்னு சொன்னேன்ல. அடடா, அசையாதேன்னு எத்தனை தடவை சொல்றது. அத்தைக்குக் கண்ணுதான் மங்கல், காது மங்கல.

— நெதா அம்மா எவ்வளவு நல்லவர். காலையில் எனக்கு மார்ச் பிறந்ததும் நலம் வேண்டிக் கையில் கட்டும் நூல் கொடுத்தார், சிவப்பும் வெள்ளையும் முறுக்கியது. கட்டிவிடுங்கள் என்று மணிக்கட்டை நீட்டினேன். உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய ஆடும் கயிறில்லாமல் திரிந்து என் வைக்கோலைத் தின்கிறது. தலைத்துணிக்குக்கூட ஊக்குத்தான் குத்துகிறார். அது என்ன பழக்கம்?

— அத்தை முடிச்சுப் போட மாட்டாங்க. அன்னைக்கு இந்த வாரை மகன் இடுப்புல கட்டிவிட்டது அவங்கதான். ஆட்டத்துல கழண்டு விழக் கூடாதுன்னு ரெட்டை முடிச்சு. தண்ணிக்குள்ள அதை அவுக்க முடியாமத்தான் அவன் போயிட்டான்.

— அதை யார் பார்த்தது?

— நான்தான். நாங்க ரெண்டு பேரும்தான் பின்னாடி வந்தோம்.

— மூழ்கும்போது அவர் இடுப்பில் இருந்த மணி உங்கள் பரணுக்கு எப்படி வந்தது?

— கத்தி இருக்கா உங்கிட்ட? வாரை அறுத்துடறேன்.

— பதில் சொல்லுங்கள்.

— உனக்கு எதுக்குய்யா? திருவிழா பாக்க வந்தே. எங்க ஒயினைக் குடிச்சே, எங்களோட கை கோத்து ஆடினே. நல்லா இரு, யாரு வேண்டாங்கறா? இதுல மட்டும் மூக்கை நுழைக்காதே. இதைக் கொண்டுபோய்க் கிணத்துல போட்டுட்டு...

— வாசக்கதவு திறந்து கெடக்கு, ராங்கெலு. உள்ள வரலாமா?

— நெதா அத்தை. நீங்க எதுக்கு நடந்து வந்தீங்க? மன்னிப்பு ஞாயிறு அன்னைக்கு நான் வராம இருப்பேனா, சாயங்காலம் நானே உங்க வாசலுக்கு வந்திருப்பேனே.

— வருஷா வருஷம் வர்றே. கையில முத்தம் குடுத்து மன்னிச்சிடுங்க அத்தைங்கறே. ஊரே சொல்ற வார்த்தைதானேன்னு நானும் கடவுள் மன்னிப்பார்னு சொல்லி அனுப்பறேன். கண்ணு யோஸ்ட், ஒரு தடவை குதி.

— அம்மா, நான் வேண்டுமென்று செய்யவில்லை.

— உன்மேல கோவமில்ல. குதி.

— குதிக்காதே.

— காலையிலேர்ந்து கேக்குது. எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சேன். குதி, கண்ணு.

— இதோ, அம்மா.

— போதும். போதும், நிறுத்து. என் புள்ளை மணிதான். எங்கே இருந்துச்சு?

— இந்த வீட்டுப் பரணில்.

— இவன் வீட்டுப் பரண்ல. துருகூடப் புடிக்கல. ராங்கெலு?

— உக்காருங்க, அத்தை.

— நின்னுக்கிட்டே கேக்கறேன். சொல்லு.

— அன்னைக்கு அந்த ஊர்ல தெஸ்பினா பாத்துக்கிட்டு இருந்தா. அப்ப அவ எனக்குப் பொண்டாட்டி இல்ல, ஆகணும்னு ஆசை. என் மணி தகர டப்பா மாதிரி சத்தம் போடும். அவனோடதைக் கேட்டேன், சிரிச்சுக்கிட்டே குடுத்தான். திரும்பி வரும்போதும் நான்தான் கட்டியிருந்தேன். குடிச்சிருந்தேன். பனி உடைஞ்சது என் காலுக்குக் கீழே, அத்தை. அவன் குப்புறப் படுத்து, இந்த வாரைப் புடிச்சு என்னை இழுத்து வெளியே போட்டான். அப்புறம் அவன் படுத்திருந்த இடம் பொளந்துச்சு. அவன் இடுப்புல ஒண்ணுமே இல்ல.

— முடிச்சு அவுக்க வரலன்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னியேடா.

— என்னைக் காப்பாத்தப் போய்ச் செத்தான்னு சொல்ல வாய் வரல. ஒரு தடவை பொய் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் உங்களைப் பாக்கப் பாக்க நாக்கு எழும்பல.

— நான் கட்டின முடிச்சுதான் என் புள்ளையைக் கொன்னுச்சுன்னு...

— மணியை எனக்குக் குடுக்கும்போதே அந்த முடிச்சை அவன் ஒரே இழுப்புல அவுத்துட்டான், அத்தை. எங்கம்மா போடற முடிச்சு எனக்குத் தெரியாதான்னு சொல்லிச் சிரிச்சான்.

— ஒரே இழுப்புலயா?

— ஒரே இழுப்புல.

— சிரிச்சானா?

— ஆமா. என்னை மன்னிச்சிடுங்க, அத்தை.

— அதை அடுத்த வருஷம் வந்து கேளு. இன்னைக்கு என்னால முடியாது. கண்ணு, காலையில குடுத்த நூலை எங்கேயாவது போட்டுட்டியா? வெச்சிருக்கியா? மணிக்கட்டை நீட்டு. நான் கட்டிவிடறேன்.