மணி அடிக்காத டேப்

கம்ப்யூட்டர் பிரவுசரில் திறந்த டேப்பை மூடாமல் அப்படியே போட்டுவைக்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது, சார். பிறகு படிக்கலாம் என்று திறப்போம், மறந்துபோவோம், அது பாட்டுக்குக் கிடக்கும். இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் அந்த நிரல் துண்டை எழுதினேன் என்று போன தடவை சொன்னேன். அது பொய் இல்லை. முழுசாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் விசாரிக்க வந்தவர், புரோகிராம் எழுதுகிறவர் இல்லை. அதனால் எனக்குப் புரிந்த விதத்திலேயே சொல்கிறேன். பாதி வயது வரைக்கும் கிடங்கில் மூட்டை தூக்கியவன் நான். எங்கள் கம்பெனி செய்யும் பிரவுசரில் டேப் என்பது வெறும் சாக்குப் பை. அது பிறக்கிற நேரத்தில் அதன் மேல் சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டிவிடுவோம். கடவுச்சொல்லை ஞாபகம் வைக்க ஒரு துண்டு, மொழிபெயர்க்க ஒரு துண்டு, பக்கத்தில் சொல் தேட ஒன்று. ஒன்றை மற்றொன்றுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் எங்கள் தொழில் ஒழுங்கு. டேப்பில் எத்தனை பக்கம் மாறினாலும் துண்டு ஒட்டிக்கொண்டே இருக்கும். டேப்பை மூடினால் கூடவே செத்துப்போகும். விசுவாசமான பிறவி.

என் துண்டுக்கு ஒரே வேலை. கை படாமல் நெடுநேரம் கிடக்கும் டேப்பிலிருந்து மணிச் சத்தம் வந்தால் அடக்க வேண்டும். அடக்கியது வெளியே தெரியவும் கூடாது.

எழுதி முடித்ததும் எங்கள் குழுத் தலைவி அதைச் சரிபார்த்தார். என்னைவிட வயதில் சின்னவர்.

"மூட்டை அண்ணே, இது எல்லா டேப்புலயும் ஒட்டிக்குமா?"

"ஒட்டிக்கும்மா. ஆனா சும்மா கிடக்குற டேப்புல மட்டும்தான் வேலை செய்யும்."

"அடக்கினதுக்கு ஒரு அடையாளமும் காட்டலையே?"

"அதைக் காட்டினா அதுவே ஒரு தொல்லை இல்லையாம்மா?"

"அதுவும் சரிதான். இனிமே மாமியார் கூப்பிட்டா, 'ஐயோ அத்தை, மணியே அடிக்கலையே'ன்னு தைரியமா சொல்லலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். துண்டு பிரவுசருக்குள் போயிற்று. அவர் மேல் தப்பு இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் விசாரிப்பது அந்த அம்மாவைப் பற்றி. விபத்தில் கிடந்த மகன் கடைசியாக அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அந்த அழைப்பு வந்த கம்ப்யூட்டருக்கு முன்னால்தான் அவர் துணி மடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். சத்தம் வரவில்லை. அந்த அம்மா யாரென்றே எனக்குத் தெரியாது. அவருக்கும் எனக்கும் எந்தப் பகையும் இல்லை. அந்த மணியை நான் அடக்க நினைக்கவில்லை. நான் அடக்க நினைத்தது வேறு மணி.

என் மனைவியை நான் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். கேலியாக ஆரம்பித்தது, பேராக நின்றுவிட்டது. கல்யாணம் ஆனபோது எனக்குக் கைநாட்டுதான். பேருந்துப் பலகையைக்கூட அவள்தான் படித்துச் சொல்வாள். மருந்துச் சீட்டு வந்தாலும் மின்சார ரசீது வந்தாலும் அவள் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பேன். அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பக்கத்தில் உட்காரவைத்து எழுத்து சொல்லிக்கொடுத்தாள். அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்த அலுவலகத்துக்கு மேசை நாற்காலி சுமந்து வந்தவன் சோதனைப் பிரிவில் பட்டன் அழுத்த நின்றேன். பிறகு புரோகிராமும் எழுதினேன். அவள் போட்ட பிச்சை என்று உறவில் சொல்வார்கள். உண்மைதான்.

அப்புறம் அவளுக்குப் பார்வை மங்கி, ஒரேயடியாக இருட்டிவிட்டது. இப்போது அவள் நீட்டினாள், நான் படித்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "நீங்க இல்லேன்னா நான் என்ன ஆவேன்?" என்றாள். அந்த வார்த்தையை வாழ்க்கையில் யாரும் என்னிடம் சொன்னதில்லை, சார். மூட்டை தூக்குகிறவன் இல்லையென்றால் அடுத்தவன் தூக்குவான்.

எங்கள் மகள் கடல் தாண்டி வேலையில் இருக்கிறாள். அங்கே ஒரு மருத்துவரைப் பிடித்து அம்மாவின் பழைய பரிசோதனைப் படங்களைக் காட்டியிருக்கிறாள். விழித்திரை சுருங்கிக்கொண்டு வருகிறது, சீக்கிரம் அறுவை செய்தால் ஒரு கண்ணாவது திரும்பும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதை முதலில் என்னிடம்தான் சொன்னாள். போன் என் சட்டைப் பையில்தானே இருக்கும்.

"அம்மா வேண்டாங்கிறாம்மா," என்றேன். "கத்தின்னாலே பயப்படுறா. உன் மேலயும் கோபமா இருக்கா. பேசமாட்டாளாம்."

அவள் என் மகள், லேசில் விடமாட்டாள். அம்மாவுக்கென்று கம்ப்யூட்டரில் ஒரு அழைப்புப் பக்கம் உண்டு. மகள் கூப்பிட்டால் அதில் மணி அடிக்கும், ஒரு பொத்தானைத் தட்டினால் பேசலாம். அதற்காக அந்த டேப்பை டீச்சர் மூடவிடமாட்டாள். மகள் அதில் கூப்பிட ஆரம்பித்தாள்.

ஒலிபெருக்கியை அணைத்திருக்கலாமே என்பீர்கள். டீச்சருக்கு அந்த மெஷின்தான் கதை படித்துக் காட்டும். நின்றால் உடனே கண்டுபிடித்துவிடுவாள். டேப்பை மட்டும் ஊமையாக்கினாலும் "ஊமையாக்கப்பட்டது" என்று அதே மெஷின் படித்துக் காட்டிக் கொடுத்துவிடும். வீட்டு பிரவுசரில் மட்டும் திருட்டுத்தனமாக மாற்றினால் அடுத்த அப்டேட் வந்து துடைத்துவிடும். அதனால் கம்பெனி நிரலிலேயே வைக்க வேண்டியதாயிற்று. ஒரு வீட்டுக்கு மட்டும் என்று எழுதினால் அது குற்றம், சரிபார்ப்பவர் கண்ணில் படும். எல்லா வீட்டுக்கும் என்று எழுதினால் அதற்குப் பெயர் வசதி.

மாலையில் அவள் நாற்காலியில் சாய்ந்து கதை கேட்பாள். அழைப்பு டேப்பைத் தனியாக இழுத்துத் திரையின் ஓரத்தில் வைத்திருப்பேன். மகளின் படம் அதில் துடிக்க ஆரம்பிக்கும். பச்சைப் பொத்தான் மினுக்கும். சத்தம் இருக்காது. டீச்சரின் கை அந்தப் பொத்தானுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கும்.

"என்னங்க, பேச்சையே காணோம். தூங்கிட்டீங்களா?"

"இல்ல டீச்சர். பாத்துக்கிட்டு இருக்கேன்."

"எதை?"

"சும்மா."

"பாப்பா நம்மளை மறந்தே போயிட்டா, பாத்தீங்களா?"

"வேலை இருக்கும் டீச்சர். நான் இருக்கேன்ல?"

படம் துடித்துத் துடித்து அடங்கும். பிறகு மறுபடி துடிக்கும். மகள் விட்டாலும் அந்த மணி என்னை விடாது. லிப்டுக்குள் கேட்கும். குழாயைத் திறந்தால் தண்ணீருக்குள் கேட்கும். தலையணையில் காதை வைத்தால் கீழே எங்கேயோ அடித்துக்கொண்டே இருக்கும். உலகத்துக்கெல்லாம் அடக்கினேன், எனக்கு மட்டும் அடங்கவில்லை. டீச்சர் என் நெற்றியைத் தொட்டு, "ஏன் இப்படி வேர்க்குது?" என்று துடைத்துவிடுவாள்.

அந்த அம்மாவின் புகார் வந்ததும் தலைவி என் துண்டை எடுத்துவிட்டார். டேப் பிறக்கும் இடத்தில் ஒரே ஒரு வரியை அழித்தார், அவ்வளவுதான். நான் இங்கே உங்களிடம் முதல் தடவை பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, வீட்டு பிரவுசருக்கு அப்டேட் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் வீடு திரும்பியபோது மகளின் குரல் அறை முழுக்க இருந்தது. அறுவை செய்யும் கெடு தாண்டிவிட்டதாம். விழித்திரை முழுசாகச் சுருங்கிவிட்டதாம், இனி எந்த மருத்துவராலும் ஆகாதாம். டீச்சர் அழவில்லை. என் காலடி கேட்டுத் தலையைத் திருப்பினாள்.

"பாப்பா கூப்பிட்டப்பல்லாம் நீங்க பக்கத்துலதான் இருந்தீங்களா?"

"இருந்தேன் டீச்சர்."

அந்த வாரமே மகள் வந்தாள். என்னைத் தாண்டிப் போய் அம்மாவின் துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள்.

நான் செய்ததை ஒளிக்கவில்லை, சார். அவள் கண்ணை நான்தான் போகவிட்டேன். தெரிந்தே, நிதானமாக, ஒவ்வொரு மணியாக. ஆனால் அவளுக்குக் குறை வைத்தேனா என்று கேட்டால், இல்லை. இரண்டு கண் போதாத இடத்தில் ஒரு முழு ஆளாக நின்றேன். அவளுக்கும் அது தெரியும். புறப்பட்டபோது மாடிப்படி இருக்கிறதே என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு தானாகவே இறங்கினாள். கண் தெரியாதவள்தானே, யாருடைய கை என்று தெரிந்திருக்காது.