மொத வளையல் யாரு போடுறது?

ஜீவராணி: ...ஏய் மதுஷா, வாளிய கீழ வைடி! வயித்துப்புள்ளக்காரி இந்தக் குளிர்ல பீலித் தண்ணியில வந்து குளிப்பாளா?

மதுஷா: குளிப்பா மதினி. நான் குளிச்ச எடத்துல குளிக்கமாட்டேன்னு பக்கத்து வீட்டு அங்கம்மா அக்கா சொன்னாங்களாம். அதான் அவங்களுக்கு முந்தியே வந்து குளிச்சேன்!

ஜீவராணி: அடிப்பாவி! அவளுக்கு எப்பிடித் தெரியும்?

மதுஷா: மிட்வைஃப் மிஸ் மெதுவாத்தான் சொன்னாங்க. லயத்து வீடுங்களுக்கு நடுச்செவரு கூரை வரைக்கும் இல்லியே... அந்தப் பக்கம் காத நீட்டிக்கிட்டு இருந்துருக்காங்க.

ஜீவராணி: ரெண்டாவது தடவயும் அப்பிடியேதான் வந்துச்சா?

மதுஷா: ஆமா. எச்.ஐ.வி. இருக்குன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. புள்ளத்தாச்சிங்களுக்குச் சில நேரம் தெளிவாக் காட்டாதாம். மறுபடி ரத்தம் குடுக்கணும்.

ஜீவராணி: நிமலனுக்கு?

மதுஷா: ஒங்க தம்பிக்கு ஒண்ணும் இல்ல.

ஜீவராணி: அப்ப லயமே ஒன்னயத்தானடி பேசும்...

மதுஷா: பேசட்டும். அவரு ஒரு வார்த்த பேசல. அது போதும்.

ஜீவராணி: சொன்னா கேளு. வெள்ளிக்கெழம வளைகாப்ப விட்டுரு. லுணுகலைக்கு, ஒங்கம்மா வீட்டுக்குப் போ. முடிவு வரட்டும்...

மதுஷா: ஏன், நான் என்னா களவெடுத்தேனா?

ஜீவராணி: மெதுவாப் பேசுடி!

மதுஷா: மாட்டேன்! என் புள்ளைக்கு வந்துருமோன்னு வயித்தப் புடிச்சுக்கிட்டு அழுது தீத்துட்டேன். இருந்தாலும் மாத்திர இருக்கு, ஒழுங்காப் போட்டா புள்ளைக்கு வராமப் பாத்துக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இனிமே எவளுக்கும் ஒளிய மாட்டேன்.

ஜீவராணி: வளைகாப்புக்கு யாருடி வருவா? ஒத்தையில ஒக்காந்துருப்பியா?

மதுஷா: ஒக்காருவேன். தேங்காச்சோறு, புளிச்சோறு எல்லாத்தையும் நானே திங்குறேன்.

ஜீவராணி: வாயப் பாரு!

மதுஷா: மொத வளையல் நாத்தனாருதான போடணும்? நீங்க வாங்க, போதும்.

ஜீவராணி: நான்... நான் போடக்கூடாதுடி.

மதுஷா: பயமா மதினி?

ஜீவராணி: எனக்கென்னடி பயம்! என் கை... நல்ல கை இல்ல.

மதுஷா: எவ சொன்னா?

ஜீவராணி: யாருக்கும் தெரியாது. அஜந்தன் வயித்துல இருக்கப்ப எனக்கும் ரத்தம் எடுத்தாங்க. ஒனக்காச்சும் தெளிவில்லன்னாங்க... எனக்கு இருக்குன்னே சொல்லிட்டாங்க. அன்னயிலருந்து மாத்திரதான். நல்ல நேரம், அவனுக்கு ஒண்ணும் இல்ல. பாக்குறியே, என்னா ஆட்டம் ஆடுறான்! ஆனா நான் ஒன் வளைகாப்புல முன்னுக்கு நிக்கலாமா... நீயே சொல்லு.

மதுஷா: நின்னே ஆகணும். போன மாசம் ரத்தம் குடுக்கப் பதுளை கிளினிக்குக்குப் போனப்ப, ஒங்களப் பாத்துட்டுக் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். நீங்க மாத்திரய முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போனதப் பாத்தேன் மதினி. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்... எனக்கு மொத வளையல் ஒங்க கையாலதான்.