கருங்காலிப் பிடி போட்ட எலும்பு ரம்பம்

அவைக்கு அணியாய் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! அறிவால் முதிர்ந்த மருத்துவப் பெருமக்களே! நாற்காலி போதாவிட்டாலும் நகராமல் நிற்கும் பெரியோர்களே! தாய்மார்களே! முதல் வரிசையில் அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும், தலைவரின் அத்தையார் அவர்களே! இந்தக் காட்சிக்கூடத்துக் காப்பாளனின் பணிவான வணக்கம்.

இன்று திறக்கும் இந்த மருத்துவக் காட்சிக்கூடத்தில் என்ன இருக்கிறது? கொதித்துக் கொதித்து மங்கிய கண்ணாடி ஊசிக்குழல் இருக்கிறது. படுத்த படுக்கையானவர் பால் குடித்த மூக்குக் கிண்ணம் இருக்கிறது. நடுவில், நம் தலைவரின் தாத்தா, அறுவை மருத்துவர், கையாண்ட எலும்பு ரம்பம் இருக்கிறது. எங்களிடம் வந்தபோது அதில் கருங்காலிப் பிடி, பிடி முழுவதும் கொடியும் பூவுமாய்ச் செதுக்கல். அழகென்றால் அப்படி ஓர் அழகு! பொறுங்கள், அதற்குள் கைதட்டாதீர்கள்.

அந்த அழகுதான் ஆளைக் கொன்றது. செதுக்கிய பள்ளத்தில் சீழ் தங்கும். கொதிக்க வைக்கலாமா? மரம் வெடித்துவிடும். ஆகவே துடைத்தார்கள், அடுத்தவரை அறுத்தார்கள். வெட்டுக்குப் பிழைத்தவர் காய்ச்சலுக்குச் செத்தார். இதை ஓர் அட்டையில் எழுதி ரம்பத்தின் அடியில் வைத்தேன்.

போன வாரம் தலைவர் வந்தார், படித்தார், முகம் சிவந்தார்.

"எங்க தாத்தா கைபட்டு ஆளுங்க செத்தாங்கன்னு ஊருக்கே சொல்லப் போறீங்களா? அட்டையை எடுங்க. இல்லன்னா ரம்பத்தைத் திருப்பிக் குடுங்க."

நியாயமான கோபம். நான் என்ன செய்வேன்? உண்மையை மறைத்து வைப்பதா, வெறும் பெட்டியைத் திறந்து வைப்பதா? உடன் வந்த அத்தையார்தான் வாய் திறந்தார்.

"டேய், அந்தப் பிடி எங்கப்பாவோடது இல்லடா. அதுலதான் சீழ் தங்குதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே பழைய பிடியை அவரே கழட்டி அடுப்புல போட்டாரு. கொதிக்க வைக்க முடியாத எதையும் இனிமே கையால தொட மாட்டேன்னாரு. அப்புறம் வெறும் இரும்பைப் பிடிச்சுத்தான் அறுத்தாரு. உள்ளங்கை பூரா காய்ப்பு."

"அப்ப இது?"

"நாலு பேர் பாக்கப் போறாங்க, மொட்டையா இருக்கேன்னு நான்தான் அதே மாதிரி புதுசா போட்டு அனுப்புனேன். நல்லாத்தானே இருக்கு?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். அத்தையார் சிரிக்கவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள்!

பெருமக்களே! தன் கருவியில் தவறென்று கண்டவர் யார்? அவரே! கண்டதை மறைக்காதவர் யார்? அவரே! வீடே மெச்சிய அழகை விறகாக்கியவர் யார்? அவரே! அவர் கழற்றி எறிந்ததை நம் மரியாதை மறுபடி மாட்டிவிட்டது. அவர் வாழ்நாளில் செய்த பெரிய காரியத்தை மாலை போட்டே மறைக்கப் பார்த்தோம்.

இன்று காலை தலைவரே திருப்புளி எடுத்து அந்தப் பிடியைக் கழற்றினார். "அட்டை அப்படியே இருக்கட்டும். கீழ ஒரு வரி மட்டும் சேத்துடுங்க," என்றார். அந்த வரியையும் அவரே சொன்னார்: ‘தெரிந்த அன்றே இவர் நிறுத்தினார்.’

செவி தந்த சபைக்கு நன்றி. நோயின்றி நெடுநாள் வாழ்க, வணக்கம்!