ஜாரட்டுக்கு நான் எழுதிய பரிந்துரை

நான் எதற்கும் எளிதில் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறவள் இல்லை. காப்பிக் கடையானாலும் காலணியானாலும் மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு. பெண்டிகோ நூலகத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். அலமாரிகளில் ‘ஊழியர் பரிந்துரை’ என்று சின்ன அட்டைகள் செருகியிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை நான் எழுதியவை. என் அட்டையைப் பார்த்துத்தான் புத்தகம் எடுப்பேன் என்று சொல்கிறவர்கள் இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஜாரட்டைப் பற்றி விசாரிக்க நீங்கள் என் வீட்டுக்கு வந்தபோது, “உங்களையும் நல்லா ஏமாத்தியிருக்கான், ரோவினா” என்றீர்கள். நான் தலையசைத்தேன். அதைத் திருத்தத்தான் இன்று நானே காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன்.

என் தம்பி டெஸ்மண்டை நீங்கள் பார்த்தீர்கள். நான்கு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. ‘சரி’ என்பான். பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். குரலை வைத்து நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அவனைக் கவனிக்க இணையதளம் வழியாகத்தான் ஆள் எடுத்தேன். அதில் நாம் அவர்களுக்கு நட்சத்திரம் போடுவோம், அவர்களும் நம் வீட்டுக்குப் போடுவார்கள். முதலில் வந்த பெண் எங்களுக்கு இரண்டு போட்டுவிட்டுப் போனாள். ஆள் கனம், வீட்டில் படி அதிகம் என்று எழுதினாள். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அதன்பிறகு பதினோரு வாரம் ஒருவரும் வரவில்லை. எனக்கு அறுபத்து மூன்று வயது. தினமும் நானே அவனைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, மறுபடி படுக்கவைத்தேன். ஒருநாள் இருவரும் சேர்ந்து கூடத்தில் விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை அப்படியே கிடந்தோம்.

பிறகு ஜாரட் வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு வருவான். டெஸ்ஸை ‘தலைவா’ என்று கூப்பிடுவான். கால்பந்து ஓடும் நாளில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கோலையும் விளக்குவான். நாலாவது வாரத்திலிருந்து, குளியலறைக்குக் கூட்டிப் போகும்போது டெஸ் நல்ல கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தான். குளிருக்குப் பயப்படுகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜூலை மாதம், நடுக்குளிர்காலம், வெளியே உறைபனி. அப்படி நினைப்பது கடினமாக இல்லை.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை நூலகத்தின் பழைய புத்தக விற்பனைக்குப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டதால் சீக்கிரம் திரும்பிவிட்டேன். குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. கூடம் வரைக்கும் நீராவி. டெஸ் நாற்காலியில் இருந்தான். ஜாரட் கையில் தண்ணீர்க் குழாய். வெந்நீர்த் திருகை கடைசிவரை திருப்பியிருந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற மாதிரி நிதானமாகப் பேசினான்.

“படுக்கைய நனைச்சா இதான் கிடைக்கும், தலைவா. இப்பப் புரியுதா?”

“சரி” என்றான் டெஸ். “சரி, சரி.”

எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்பீர்கள். டெஸ் ஏழு தடவை அந்தச் சொல்லைச் சொன்னான். பிறகு நான் சமையலறைக்குப் போய், வாங்கி வந்த பாலைக் குளிர்பெட்டியில் வைத்தேன். திரும்பிப் போய் முன்கதவைத் திறந்து, சத்தம் கேட்கும்படி சாத்தினேன். தண்ணீர் நின்றது.

தோள்பட்டையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. சூடான தேநீர் கொட்டிவிட்டது என்று மருந்துக் கடையில் சொல்லிக் களிம்பு வாங்கினேன். ஆழமான புண்ணா என்று அந்தப் பெண் கேட்டாள். லேசானதுதான் என்றேன்.

மறுநாள் ஜாரட்டிடம், அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் பேசினான்.

“பரவாயில்ல ரோவினா, மனஸ்தாபம் எதுக்கு? நீங்க எனக்கு நல்லதா நாலு வரி எழுதுங்க, நான் உங்களுக்கு எழுதறேன். இல்லேன்னா நானும் உள்ளதச் சொல்லணுமில்ல? டெஸ் கைய ஓங்கறாருன்னு. அப்புறம் இந்த வீட்டுப் படி ஏற ஆள் கிடைக்குமா, சொல்லுங்க.”

பதினோரு வாரத்தை நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே எழுதினேன். நான்கு வரி போதும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எழுத ஆரம்பித்தால் ஒழுங்காக எழுதுவது என் பழக்கம். மூன்று முறை திருத்தினேன். வாசலில் காலணி கழற்றுவதை எழுதினேன், கால்பந்தை எழுதினேன். கடைசி வரி இப்படி: ‘என் தம்பிக்குப் பேச்சு வராது. ஆனால் ஜாரட்டைப் பார்த்ததும் அவன் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.’ அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று அப்போது எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியை இப்போது உங்களிடம் சொல்லக் கூசுகிறது.

ஐந்து நட்சத்திரம் போட்டேன். அவனும் எங்களுக்கு ஐந்து போட்டான். எட்டு நாளில் மெலே வந்தாள். டோங்கா தீவுக்காரி, பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. “உங்க வீட்டுக்கு அஞ்சு பார்த்தேன், உடனே சரின்னுட்டேன்” என்றாள். அவள் பாடிக்கொண்டே குளிப்பாட்டினாள். டெஸ் கதவு நிலையைப் பிடிப்பதை நிறுத்த ஒரு மாதம் ஆயிற்று. தோளில் இருந்த தழும்பைப் பற்றிக் கேட்டாள். தேநீர் என்றேன்.

என் பரிந்துரையை நாற்பத்தொரு பேர் ‘பயனுள்ளது’ என்று குறித்திருந்தார்கள். தளத்துக்காரர்கள் அதை ஜாரட்டின் பக்கத்தில் முதலாவதாக வைத்தார்கள். தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். வெட்கத்தோடுதான் பார்ப்பேன். ஆனாலும் பார்ப்பேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். காசில்மெய்னில் ஜாரட் அடுத்துக் கவனித்துக்கொண்ட ஓல்வென் பிரிச்சர்ட், எழுபத்தெட்டு வயது, மறதி நோய். குளியல் தொட்டியில் வெந்து, ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்து இறந்துபோனார். ஜாரட் இப்போது உங்கள் காவலில் இருக்கிறான். செய்தித்தாளில் அவன் படத்தைப் பார்த்துவிட்டு மெலே என்னிடம் வந்தாள். டெஸ்ஸின் சட்டையை நகர்த்தி அந்தத் தழும்பைக் காட்டினாள்.

“இது தேத்தண்ணியா, ரோவினா? என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு.”

நான் சட்டையை இழுத்துத் தழும்பை மூடினேன்.

“நான் உனக்கு ரெண்டு நட்சத்திரம், மூணு நட்சத்திரம்னு போட்டுட்டு ஓடமாட்டேன். டெஸ்ஸ விட்டுட்டும் போகமாட்டேன். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள நீயா போய்ச் சொல்லணும். இல்ல, நான் போவேன்.”

இன்று வெள்ளிக்கிழமை. நானாக வந்தேன் என்று எழுதிக்கொண்டிருந்தால் அதையும் திருத்திவிடுங்கள்.

மெலேவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதை நான் சொன்னால்தான் வெளியே வரும்.

ஓல்வெனின் மகள் நெரிஸ் என்னோடு தொலைபேசியில் பேசினாள். ஜாரட்டை வேலைக்கு எடுப்பதற்கு முந்தின நாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். பின்னால் பேருந்து இரைந்துகொண்டிருந்தது.

“நீங்க எழுதினதைப் படிச்சு அழுதுட்டேங்க. இவ்வளவு அழகா யாரும் எழுதல. எங்கம்மாவுக்குக் கூச்சம் ஜாஸ்தி, என்ன நடந்தாலும் வாயத் திறந்து சொல்லமாட்டாங்க. உங்க தம்பிய அவர் குளிப்பாட்டறப்ப நீங்க பார்த்திருக்கீங்களா?”

“பார்த்திருக்கேன்” என்றேன்.

“அப்ப நம்பி விடலாமா?”

ஜாரட்டுக்குப் பயந்தேன் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். அது உண்மை இல்லை. அவன் எங்களுக்குப் போட்ட நட்சத்திரத்தை, தளத்தின் விதிப்படி, ஒரு வாரத்துக்குமேல் யாரும் மாற்ற முடியாது. அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. மெலே வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு இழக்க ஒன்றுமில்லை. ‘வேண்டாம்’ என்று ஒரு சொல் போதும். ஆனால் அதைச் சொன்னால், ஏன் அப்படி எழுதினீர்கள் என்று அவள் கேட்பாள். என் எழுத்தைப் படித்து அழுதவள், முகம் தெரியாத ஒருத்தி, என்னைப் பற்றி வேறு மாதிரி நினைப்பாள்.

“கண்ண மூடிட்டு விட்டுட்டுப் போகலாம்” என்றேன்.

செவ்வாய்க்கிழமை பேச்சோடு பேச்சாக நீங்கள் ஒன்று சொன்னீர்கள். அவனைத் தானே தேடிப் பிடித்ததாக மட்டும்தான் நெரிஸ் சொல்கிறாளாம். யார் பேரையும் சொல்லாமல் தன்னையே திட்டிக்கொண்டு அழுகிறாளாம். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. உங்களுக்கு இன்னும் கொஞ்சம் கேக் வேண்டுமா என்று கேட்டேன்.