தகர மூடியில் நீட்டு ஓட்டை

புஷ்பம்: இது குண்டு போன ஓட்டையா? எலி கடிச்ச மாதிரில்ல இருக்கு.

கிருஷ்ணராஜ்: அதத்தான் சொல்றேன். வட்டமா இருக்கணும். நீட்டா இருக்கு பாரு. குண்டு படுத்துக்கிட்டே போயிருக்கு.

புஷ்பம்: ஒங்ககூட ஆறு மாசமா காவல் பாக்குதுல்ல... பழகியிருக்கும்.

கிருஷ்ணராஜ்: சிரி, சிரி. நாளைக்குத் தோட்டத்துத் தொர முன்னாடி இந்த மூடியில சரியா சுடலன்னா வாச்சர் வேல போயிரும். மறுபடி தண்ணி ஓடுற கான் வெட்டத்தான்.

புஷ்பம்: காட்டுப்பன்னிங்க ஒங்களக் கண்டா ஓடுறதுகூட இல்லியாம். ஒதுங்கி வழி விடுதாம்.

கிருஷ்ணராஜ்: மொத ரெண்டு மாசம் நாலு பன்னி விழுந்துச்சே, அத மறந்துட்டியா? குத்தம் என் கண்ணுல இல்ல புள்ள. துவக்குக் குழலுக்குள்ள திருகாணி மாதிரி புரி இருக்கு. அதுலதான் குண்டு சுத்திக்கிட்டு வெளிய வருது.

புஷ்பம்: பம்பரமாட்டம்.

கிருஷ்ணராஜ்: அதேதான். தொரயோட துவக்குல புரி ரொம்பச் சாவகாசம். சின்னக் குண்டுக்கு அந்தச் சுத்து போதும். நீட்டா, கனமா உள்ளதுக்குப் பத்தாது. வெளிய வந்ததும் தள்ளாடி, பொரண்டு...

புஷ்பம்: சம்பளத்தன்னைக்கு வார எங்க அண்ணன் மாதிரி.

கிருஷ்ணராஜ்: மச்சானாவது வீடு வந்து சேர்றாரு.

புஷ்பம்: அப்ப சின்னக் குண்டையே போடுறதுதானே?

கிருஷ்ணராஜ்: அதான் விசயமே. தொர குடுத்தது சின்னக் குண்டுப் பெட்டி. இப்பவும் பெட்டி அதேதான்... உள்ளுக்குள்ள மட்டும் நீட்டுக் குண்டு.

புஷ்பம்: கடையில மாறியிருக்கும்.

கிருஷ்ணராஜ்: இருக்கும். நீட்டுக் குண்டு தொர பங்களா அலுமாரியிலதான் கெடந்துச்சு. அந்த அலுமாரியத் தொடைக்கிறது யாரு?

புஷ்பம்: நான்தான்... சோறு ஆறுது, சாப்பிடுங்க.

கிருஷ்ணராஜ்: புஷ்பம்.

புஷ்பம்: ...குருவிட்ட செக் பொயின்ட்ல ஆமிக்காரங்க ஒங்கள முட்டி போட வச்சாங்கல்ல. தொர குடுத்த கடுதாசியக் காட்டியும். தமிழனுக்கு என்னத்துக்குத் துவக்குன்னு கேட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. அஞ்சு மணி நேரம்... நீங்க வருவீங்களா, மாட்டீங்களான்னு... கான் வெட்டுற ஆளு கையில மம்பட்டிதானே இருக்கும். அதுக்கு யாரும் முட்டி போடச் சொல்ல மாட்டாங்க.

கிருஷ்ணராஜ்: ம்... மல முழுக்க உள்ள பன்னியெல்லாம் ஒனக்குக் கும்பிடு போடணும்.

புஷ்பம்: கோவமா? பிரியப்பட்டுப் பாத்த வேலையாச்சேன்னு எனக்கும் மனசு கேக்கல. இருங்க, சின்னக் குண்ட அரிசி டின்னுக்குள்ளதான் பொதைச்சு வச்சேன். நாளைக்கு அதையே போட்டுச் சுடுங்க... எங்க... காணோமே...

கிருஷ்ணராஜ்: அரிசியக் கொட்டாத புள்ள. முட்டி போட்டது எனக்கும் போதும்னு, மூணு மாசத்துக்கு முன்னாடியே அத மிச்சக் குண்டுன்னு சொல்லித் தொர கையில குடுத்துட்டேன். மம்பட்டிக்குப் புதுக் காம்பும் போட்டாச்சு, கதவுக்குப் பின்னாடி பாரு.