அடைத்துவிட்ட வண்டித்தடம்

அலோ... ஆமாங்ணா, ஆறுச்சாமிதாம் பேசறேன். ...ஓ, பேரனுக்குக் காதுகுத்துங்ளா? சந்தோசமுங்.

...இல்லீங், கொரல் அப்படித்தான் இருக்குது. கோயமுத்தூர்ல வக்கீல் வரதராஜுலுவப் பாத்துப்போட்டு இப்பத்தான் பஸ்ஸ உட்டு எறங்கினேன். ...ஆமாங், ஆமாங், அந்த வண்டித்தடம்தான். நீங்க கம்பிவேலி போட்டு அடைச்சது.

...கோவமில்லீங்ணா. மஞ்சப் பறிச்சாச்சு, ஈரோட்டுக்கு ஏத்தோணும். லாரி உள்ள வரோணுமே. ...ஓடைப் பள்ளத்துச் சேத்து வழி இருக்குது, இல்லைன்னு சொல்லலீங். தலைச்சொமையாத்தான் கொண்டாரோணும். அது இருக்கறதுனால, எனக்கு வேற வழியே இல்லைன்னும் வாதாட முடியாதாம்.

...சொல்றேன், கேளுங்க. அடுத்தவங்க காட்டுல இருவது வருசம் ஆருந் தடுக்காம வண்டி ஓட்டுனா, அந்தத் தடத்துல நமக்குப் பாத்தியம் வந்துருதாம். நாங்க எங்கய்யன் காலத்துல இருந்து ஓட்டுனோம், அது போதுமுங். ஆனா ஒருத்தரு அடைச்சதுக்கப்பறம் நாம சும்மா இருந்தா, பாத்தியம் போயிருமாம். ஒரு கெடு வெச்சிருக்கறாங்க, அதுக்குள்ள கேஸப் போடோணும். நாம மரியாதைக்குப் பொறுத்துப் போனாலும், சட்டத்துக்கு அது சம்மதந்தானாம்.

...நானா சும்மா இருந்தேன்? வேலி போட்ட அன்னிக்கே வந்து கேட்டனுங்ளே. எம் பையன் சரவணன் கண்ணாலம் முடியட்டும், பங்காளிக்குள்ள கோர்ட்டு என்னத்துக்குன்னீங்க. அவனுக்குக் கூடப்பொறந்தவ இல்லைன்னு எம் புள்ள கலாமணிதான தங்கச்சி மொறைக்கு மணவறையில இணைச்சீருக்கு நின்னா? அப்பறம் மருமக மாசமா இருக்குதுன்னீங்க. அப்பறம் கொழந்தை கொஞ்சம் தேறட்டும்னீங்க. ...ஆமாங், சரீன்னு சொன்னது நாந்தான்.

...என்னங்ணா?

...இல்ல, இப்ப என்ன சொன்னீங்க? ரெண்டு வருசம் எப்பவோ தாண்டிருச்சா?

...கெடுன்னுதானுங் நாஞ் சொன்னேன். எத்தனை வருசம்னு சொல்லவேயில்லீங்ளே.

...உடுங்ணா. ...உடுங்கன்னு சொல்றனுங்ளே. வேலிக்குக் குழி தோண்ட முந்தியே வக்கீலக் கேட்டு வெச்சிருக்கறீங்க. அதுக்கப்பறந்தான் எம் புள்ளைய இணைச்சீருக்குக் கேட்டு வந்தீங்க.

...வாராம இருப்பனுங்ளா? சீர்த்தட்டோட வாரனுங். கலாமணியும் வருவா. பள்ளத்து வழியாத்தான் வருவோம். சேத்துக் காலோடவே பந்தியில உக்காந்துக்கறோம். ஏனுங் இந்தக் கோலம்னு ஆராச்சும் கேட்டா, தடம் எங்க போச்சுன்னு நீங்களே சொல்லிருங்க.

...சரீங்ணா. வெச்சர்றனுங்.