முந்தி முடிச்சை அவிழ்க்கச் சொன்ன முருகம்மாள் அம்மையாருக்கு

கம்பம் பள்ளத்தாக்குக் கர்ப்பிணிகளின் கவலை தீர்த்த கனிவே! வெயிலென்றும் மழையென்றும் பாராமல் வீடுவீடாக ஏறி இறங்கிய விந்தையே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் சுகாதார நிலையத்தின் செவிலித் தாயே, வணக்கம்!

தங்கள் பெருமை சொல்ல எங்களுக்கு ஒரு சேலை முடிச்சு போதும். கர்ப்பிணியைக் கண்டதுமே, "முந்தி முடிச்ச அவுத்துக் காட்டு ஆத்தா" என்பீர்களே, அந்த வழக்கம் பிறந்த கதையைச் சொல்லாமல் தங்களை அனுப்புவோமா!

பத்து ஆண்டுகளுக்கு முன் கோட்டைச்சாமி ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். மலையேறும் பெண்களின் மேல்வலிக்கு மருந்துக்கடையில் செட்டு மாத்திரை வாங்கிக் கொடுப்பார். காகிதத்தில் மடித்த உதிரி மாத்திரைகள். பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. எட்டு மாதக் கர்ப்பிணியான மனைவி பொன்னாத்தாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மனுசனுக்கு மனசு தாங்குமா? அவளுக்கும் தினமும் ஒரு செட்டு.

வயிறு வளரவில்லை என்று தங்கள் அளவுநாடா காட்டியது. என்ன மாத்திரை தின்கிறாய் என்று தாங்கள் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று சாதித்தாள் பொன்னாத்தாள். புருசனுக்குத் திட்டு விழுமே என்ற பயம். தாங்கள் அவளுடைய புடைத்திருந்த முந்தி முடிச்சை அவிழ்க்கச் சொன்னீர்கள். மாத்திரைகள் உதிர்ந்தன. தேனியில் ஸ்கேன் பார்த்த மருத்துவர், "இந்த வலி மாத்திரையால் பனிக்குடத் தண்ணீர் குறைந்திருக்கலாம், பிள்ளையின் இதயத்துக்கும் ஆகாது, உடனே நிறுத்துங்கள்" என்றார்.

கோட்டைச்சாமி ஆஸ்பத்திரி வாசலிலேயே இடிந்து உட்கார்ந்துவிட்டார். "நர்சம்மா, என் கையாலயே எம்பிள்ளைக்கு வெசத்தக் குடுத்துட்டேனா?"

"பாசத்துலதான் குடுத்தே. கேக்காமக் குடுத்தே பாரு, அதான் தப்பு. காய்ச்சல், வலின்னா பாராசிட்டமால் இருக்கு. அதையும் எங்ககிட்டக் கேட்டு அளவாக் குடு. எந்திரிய்யா, அவ அங்கன தனியாக் கெடக்கா."

மாத்திரை நின்றது, தண்ணீர் மெல்ல ஊறியது. மகள் சிம்ரன் பிறந்தாள். அடேயப்பா, என்ன அழுகை! வாசலில் நின்ற தகப்பன் அழுகை அதைவிடப் பெரிது.

அந்தக் கோட்டைச்சாமிதான் இன்று நம் நிலையத்தின் ஓட்டுநர். இதை மேடையில் படிக்கலாமா என்று அவரிடமே கேட்டோம். அவர் சொன்னார்:

"பேரோடயே படிங்க சார். நர்சம்மா நாளைலருந்து வர மாட்டாக. பொம்பளைகள்ட்ட நீங்க கேளுங்க. ஜீப் ஸ்டாண்டுல நான் கேக்குறேன், 'ஏலே, வீட்டுக்காரிக்கு என்ன மாத்திரை வாங்கிட்டுப் போறே'ன்னு."

அன்னையே! நோயண்டா உடலும் நிறைவான உள்ளமுமாய் நெடுங்காலம் தாங்கள் வாழ வேண்டும். தங்கள் கேள்வியை நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம்.

கண் கலங்கி நிற்கும்,
சுகாதார நிலையப் பணியாளர்கள்,
ஓட்டுநர் கோட்டைச்சாமி உட்பட.
சின்னமனூர் வட்டாரம், 2009